சித்திரை முதல் நாளில் நிழல் எங்கே போகிறது?

சிவகாசியை அடுத்து எம். புதுப்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் நீங்கள் வசிப்பவரானால் சித்திரை முதல் நாளன்று ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சமதரையில் நேரான குச்சி ஒன்றை நட்டு, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அது செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபார்த்துக் கொள்ளுங்கள். பிற்பகல் 12 மணி 19 நிமிட அளவில் குச்சியின் நிழலைத் தேடுங்கள். நிழல் இராது! குச்சியின் காலடியில் சுருண்டு மறைந்திருக்கும்.

காரணம் எளிது. சிவகாசி வட்டாரம் ஏறத்தாழ ஒன்பதரை டிகிரி வட அட்சரேகையில் அமைந்துள்ளது. மார்ச் 21ஐ ஒட்டிப் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும் சூரியன், வடக்கு நோக்கி நகர்ந்து ஏப்ரல் 14ஐ ஒட்டி இந்த அட்சரேகைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. கன்னியாகுமரிக்கு அது நான்கு நாள் முன்னதாகவும் சென்னைக்குப் பத்து நாள் பின்னதாகவும் வரும். திரும்பும் பயணத்தில் ஆகஸ்ட் 28, 29 தேதிகளை ஒட்டி மீண்டும் ஒருமுறை புதுப்பட்டியின் உச்சிக்கு வரும்.

அது சரி, உச்சிப்பொழுது ஏன் 12 மணிக்கு வராமல் 19 நிமிடம் தாமதிக்கிறது? நம் கடிகாரங்கள் காட்டுவது 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். சிவகாசி இருப்பதோ 77 டிகிரி 48 கலையில், அதாவது 4 டிகிரி 42 கலை மேற்கே. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

மேல்நிலை வகுப்பில் புவியியலைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது இந்த மாதிரி வேலைதான். முன்பு கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பாக இருந்தது, 1978இல் பள்ளிக்கு வந்து பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளாயிற்று. அன்று முதல் இன்றுவரை, "மதிப்பெண் குறைந்தவர்களுக்கு உரிய பாடம்" என்ற பெயர் புவியியலை விட்டபாடில்லை. நாடுகளின் தலைநகரங்களை நெட்டுருப் போடுவதே புவியியல் என்று நினைப்பவர்களிடமிருந்து பிறந்த பெயர் அது. செய்முறை ஏட்டைத் திறந்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். அளவுகோல், நிலப்படச் சட்டம், சம உயரக்கோடு, மழைப் புள்ளிவிவரம் என்று கணக்கும் கைவேலையும் அதில் கலந்தே வரும்.

நிலப்படத்தையே எடுத்துக்கொள்வோம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்து இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்றப் படங்கள் அந்த உழைப்பின் வழிவந்தவை. அவற்றின் பழைய எண்முறையில் சிவகாசியின் தாளைக் கண்டுபிடிக்கலாம், வாருங்கள்.

வடக்கே 8 முதல் 12 டிகிரி வரை, கிழக்கே 76 முதல் 80 டிகிரி வரை உள்ள கட்டத்துக்கு எண் 58. அதை டிகிரிக்கு ஒன்றாகப் பதினாறு சிறு கட்டங்களாக்கி, வடமேற்கு மூலையிலிருந்து மேலிருந்து கீழாக ஏ, பி, சி, டி என்று எழுதி, அடுத்த வரிசையில் இ, எஃப், ஜி என்று தொடர வேண்டும். 9க்கும் 10க்கும் இடையே, 77க்கும் 78க்கும் இடையே விழுவது ஜி. அதை இதே ஒழுங்கில் மீண்டும் பதினாறாக்கி 1 முதல் 16 வரை எண்ணிடுங்கள். ஒவ்வொன்றும் 15 கலை அகலம், 15 கலை உயரம். சிவகாசி 9 டிகிரி 27 கலை. ஆகவே 58 ஜி/15. எம். புதுப்பட்டி அதே தாளிலா, பக்கத்துத் தாளிலா? அதை நீங்களே கண்டுபிடியுங்கள். சொந்த ஊர் தாளின் விளிம்பில் மாட்டிக்கொள்வது நிலப்படம் படிக்கும் எல்லோருக்கும் நேர்கிற வேடிக்கை. இந்தத் தாள்களில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ.

படத்தில் கண்ணை மேற்கே ஓட்டினால் சம உயரக்கோடுகள் நெருங்கி நெருங்கி வரும். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. இந்த வட்டாரத்தின் தலையெழுத்தில் பாதியை எழுதியது அந்த மலைதான்.

கேரளக் கரையில் 30 டிகிரி வெப்பமுள்ள ஈரக்காற்று மலையேறுவதாகக் கொள்வோம். மேகம் உருவாகும்வரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் அது குளிரும். 600 மீட்டரில் 24 டிகிரி. அதற்குமேல் நீராவி நீராகும்போது உள்ளே ஒளிந்திருந்த வெப்பம் வெளிப்படுவதால் குளிர்வது மெதுவாகிறது. கிலோமீட்டருக்கு 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 1,600 மீட்டர் உச்சியில் 19 டிகிரி. மழை அந்தப் பக்கமே கொட்டிவிட்டது. இப்போது வறண்ட காற்று நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது கிலோமீட்டருக்கு முழுசாக 10 டிகிரி சூடேறும். சுமார் 100 மீட்டர் உயரத்திலுள்ள சிவகாசியை அடையும்போது 34 டிகிரி! புறப்பட்டபோது இருந்ததைவிடச் சூடு, முன்னைவிட உலர்வு. இயற்கையில் எண்கள் நாளுக்கு நாள் மாறும். ஆனால் நடப்பது இதுதான். இதையே மழை மறைவுப் பகுதி என்கிறோம். விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழைதான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

வானம் பார்த்த கரிசலில் விவசாயம் தள்ளாடியது. வெயிலோ தீக்குச்சியையும் வெடியையும் காயவைக்கத் தோதாக இருந்தது. அதனால்தான் சிவகாசியில் பட்டாசுத் தொழில் வளர்ந்தது என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். எனக்கு அந்த விடை போதாது. தமிழ்நாட்டில் வறண்ட ஊர்களுக்கா பஞ்சம்? எல்லாம் சிவகாசி ஆகிவிடவில்லையே! 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பியதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது. இயற்கை வாய்ப்புகளைத் தருகிறது, மனிதன் அவற்றுள் தேர்ந்தெடுக்கிறான் என்று பிரெஞ்சுப் புவியியலாளர் விதால் த லா பிளாஷ் (1845-1918) வாதிட்டார். மண்ணும் வானமுமே மனித வாழ்வைத் தீர்மானிக்கின்றன என்ற எதிர்க்கட்சியும் அந்நாளில் வலுவாக இருந்தது. இந்தப் பழைய வழக்கை நடத்திப் பார்க்கச் சிவகாசியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

இனிச் சொல்லப்போவது விளையாட்டல்ல. இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் இணையதளத்தில் சிவகாசிச் சுற்றுப்புறத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். வெட்டவெளியில் தீப்பெட்டிகளை இறைத்ததுபோல் சிறுசிறு கட்டடங்கள் தள்ளித்தள்ளி நிற்கும். அவை பட்டாசு ஆலைகளின் அறைகள். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குப் பரவக்கூடாது என்பதற்காகச் சட்டம் வகுத்த இடைவெளி அது. அந்த வெற்றிடம் வீணான நிலமல்ல; உயிர் காக்கும் நிலம்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்ததில் சுமார் நாற்பது பேர் இறந்தனர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உள்ளே இருந்த அறைகளுக்குத் தூரம் வகுத்த சட்டம், வெளியிலிருந்து ஓடிவந்த கால்களுக்கு என்ன செய்யும்? எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும், எந்தப் பாதையில் விலகவேண்டும் என்பதை ஊரார் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு படம் வேண்டும்.

அந்தப் படத்தை நீங்கள் வரையலாம். ஆலைக்குள் போகவேண்டியதில்லை, போகவும் கூடாது. 2 செ.மீ.க்கு 1 கி.மீ. என்ற படம் இதற்குச் சிறிது, 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்று பெரிதாக்கிக் கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அறைகளைக் குறியுங்கள். பள்ளிக்கூடம், கண்மாய்க்கரை, பேருந்து நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைச் சேருங்கள். ஊரிலிருந்து சிவகாசி அரசு மருத்துவமனைக்குப் போகும் சாலையைத் தடித்த கோடாக இழுத்து, மழைக்காலத்தில் அதில் எங்கே தண்ணீர் தேங்கும் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத சந்துகளைச் சிவப்பில் காட்டுங்கள். வரைந்து முடித்ததும் ஒரு பிரதியைப் புவியியல் ஆசிரியரிடமும் இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.