மூக்கு வழியே மூளைக்கு ஒரு ரூட்!

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாருக்கு ஒரு தோப்புக்கரணம் போட்டுவிட்டு வடக்கே பாருங்கள். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். கிட்டத்தட்ட இதே ஏற்பாடு உங்கள் தலைக்குள்ளும் இருக்கிறது! மூளைக்கு அடியில், எலும்பில் குதிரைச் சேணம் மாதிரி ஒரு பள்ளம். அதில் பட்டாணி சைஸில் பிட்யூட்டரி சுரப்பி. இரண்டு பக்கமும் ஆறு மாதிரி கரோட்டிட் ரத்தக் குழாய்கள். மேலே பார்வை நரம்புகள் சந்திக்கும் ஜங்ஷன்.

அங்கே ஒரு கட்டி முளைத்தால்? (பெரும்பாலும் கேன்ஸர் இல்லை. பயம் வேண்டாம்.) ஒரு ரகத்தில் மோதிரம் இறுகும், செருப்பு சைஸ் ஏறும். கட்டி மேல்பக்கமாக வளர்ந்து நரம்பை அமுக்கினால், இரண்டு ஓரப் பார்வையும் மங்கும். நேரே வருகிற பஸ் நம்பர் தெரியும். பக்கத்தில் வருகிற ஸ்கூட்டர் தெரியாது!

வாலிபர்களே, கொஞ்சம் காதைக் கொடுங்கள். ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனை எக்கச்சக்கமாகச் சுரக்கும் கட்டி ஒன்று உண்டு. வந்தால் தாம்பத்திய ஆசையே வற்றிப் போகும். நம்ம ஆள் என்ன செய்வார்? வெளியே சொல்ல வெட்கப்பட்டு, லாட்ஜில் ரூம் போட்டிருக்கும் லேகிய வைத்தியரைத் தேடிப் போவார். கட்டி சாவகாசமாக வளரும். ஆண்களுக்கு இது கண்டுபிடிக்கும்போதே பெரிசாக இருப்பதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். இத்தனைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிக் கொடுத்துவிடும். இந்த ரகத்துக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம், மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

மற்ற ரகங்கள் தொந்தரவு கொடுத்தால் ஆபரேஷன்தான். அதுவும் மூக்கு வழியாக! 1907-ல் ஆஸ்திரியாவின் ஷ்லோஃபர் என்ற டாக்டர் இந்த வழியை ஆரம்பித்து வைத்தார். அந்தக் காலத்தில் எக்ஸ்ரேதான் கதி. எலும்புப் பள்ளம் அகலமானது தெரியும்; கட்டி தெரியாது, ரத்தக் குழாய் தெரியாது. டாக்டர் தைரியத்துக்கு ஒரு சல்யூட் என்றால், பேஷண்ட் தைரியத்துக்கு இரண்டு! 1949-ல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னையில் ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியபோதும் ஸ்கேன் கிடையாது. முதல் சி.டி. ஸ்கேன் லண்டனில் எடுக்கப்பட்டதே 1971-ல்தான்.

இன்றைக்கு டாக்டர் கத்தியைத் தொடுமுன் மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்க்கிற மாதிரி முழுசாகப் பார்த்துவிடுகிறார். எம்.ஆர்.ஐ. படத்தில் ஓடுகிற ரத்தம் கறுப்பு வட்டமாக விழும். 'ஆறு' எங்கே என்று தெரிந்துவிட்டது! ஊசியில் கடோலினியம் மருந்து ஏற்றினால், நல்ல சுரப்பி சட்டென்று பளிச்சிடும், கட்டி மந்தமாகத்தான் வெளுக்கும். சில சமயம் கட்டி மாதிரி தெரிவது கட்டியே இல்லை. ரத்தக் குழாயின் வீக்கம். அதைப் போய்க் கீறினால் என்ன ஆகும் என்று எழுதவே கை நடுங்குகிறது.

கட்டி பக்கவாட்டில் ரத்தக் குழாயைத் தாண்டிவிட்டதா என்பது அடுத்த கேள்வி. 1993-ல் வியன்னாவின் நோஸ்ப் என்ற டாக்டரும் சகாக்களும் படத்தின் மேல் கோடு கிழித்து இதற்கு மார்க் போட்டார்கள். பூஜ்யம் என்றால் நிம்மதி. நாலு என்றால் குழாயையே கட்டி சுற்றி வளைத்துவிட்டது என்று அர்த்தம். முழுசாக எடுப்பது துர்லபம். மிச்சத்துக்கு மருந்தா, கதிர்வீச்சா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடலாம்.

'அதான் எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சே, சி.டி. வேறு எதுக்கு? பில் போடத்தானே?' என்று முறைக்காதீர்கள். எலும்பை நன்றாகக் காட்டுவது சி.டி.தான். மூக்குக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஓர் அறை. அதில் மெல்லிய எலும்புத் தடுப்பு. பலருக்கு அது நடுவில் நிற்காது. கோணலாகப் போய் ரத்தக் குழாயை மூடியிருக்கும் எலும்பிலேயே ஒட்டியிருக்கும். தெரியாமல் முறுக்கி உடைத்தால் விபரீதம்.

அது சரி, எடுத்த துணுக்கு கட்டிதானா? அதற்கும் நம்ம ஊர் சம்பந்தம் உண்டு. ஸ்ரீரங்கத்தை ஒட்டி, அதே தீவில் இருக்கிற திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர் சர் சி.வி. ராமன். 1928-ல் அவர் கண்டுபிடித்த ஒளிச்சிதறலை வைத்து லேசர் மைக்ராஸ்கோப் செய்துவிட்டார்கள். சாயம் ஏற்றாமல், ஆபரேஷன் தியேட்டரிலேயே துணுக்கைப் பார்த்து, இரண்டரை நிமிஷத்துக்குள் கம்ப்யூட்டர் ரகம் சொல்கிறது என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்த பட்டியலில் பிட்யூட்டரி கட்டியும் உண்டு.