ஈ லைட்டைப் பார்த்துப் பயந்ததா?

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பத்தாவது படிக்கும் அக்கா பையனுக்கு என் போனில் ஒரு வீடியோ காட்டினேன். ஒரு பழ ஈ சும்மா உட்கார்ந்திருக்கிறது. பளிச்சென்று ஒரு வெளிச்சம். ஈ துள்ளிப் பறந்துவிடுகிறது. "தப்பிச்சு ஓட வைக்கிற நரம்பு செல்லை மட்டும் வெளிச்சத்தால ஆன் பண்ணியிருக்காங்க, அதான் பறக்குது" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவன் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, திடீர்னு லைட் அடிச்சா எந்த ஈயும்தான் பறக்கும். அது பயந்து பறந்திருக்கும்" என்றான்.

சட்டென்று பதில் வரவில்லை. பதில் தெரியாமல் இல்லை, அதை ஒரு வரியில் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். யோசித்துப் பார்த்தால், இந்தத் துறையில் நல்ல ஆய்வையும் சுமாரான ஆய்வையும் பிரிப்பதே இந்தக் கேள்விதான். அதனால் அவனுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஈ. வாழைப்பழம் கொஞ்சம் அதிகமாகக் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து சுற்றுமே, இரண்டரை மில்லிமீட்டர் நீளத்தில், அதுதான். ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர். முட்டையிலிருந்து முழு ஈ ஆவதற்குப் பத்து நாள் போதும். 1910-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கண் ஈயைப் பார்த்ததிலிருந்து மரபியலின் செல்லப் பிராணி இதுதான்.

நடத்தையைப் படிக்க இந்த ஈயைப் பெரிய அளவில் பயன்படுத்தியவர் கால்டெக்கில் இருந்த சீமோர் பென்சர். ஈக்களுக்கு ரசாயனம் கொடுத்து மரபணுக்களைத் தாறுமாறாக உடைப்பார். பிறகு வித்தியாசமாக நடந்துகொள்ளும் ஈயைத் தேடிப் பிடிப்பார். 1971-ல் அவரும் அவரது மாணவர் ரொனால்ட் கொனோப்காவும் இப்படித் தேடி மூன்று விதமான ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றின் உடல் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதுக்குக் கடிகாரமே இல்லை. மூன்றிலும் பழுதானது ஒரே மரபணு. அதைப் பின்தொடர்ந்து போன வேலைக்குத்தான் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்த வழியில் ஒரு சிக்கல் இருக்கு. ஒரு வீட்டில் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்கிற மாதிரி இது. ஒரு அறை இருட்டாகும், சரி. ஆனால் அதே வயரில் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தால்? மரபணு பழுதான ஈ பிறந்ததிலிருந்தே, உடம்பு முழுக்கவே, அப்படித்தான் இருக்கிறது. எந்த நரம்பு செல், எந்த நொடியில், என்ன செய்தது என்பது தெரியாது. அதற்கு வயரை வெட்டினால் போதாது, சுவிட்ச் வேண்டும்.

சுவிட்ச் பாதி ஈஸ்டிலிருந்து வந்தது, மீதி ஒரு பாசியிலிருந்து.

ஈஸ்டில் கேல்4 என்று ஒரு புரதம் இருக்கிறது. யூஏஎஸ் என்ற டிஎன்ஏ துண்டைக் கண்டால் போய் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் மரபணுவை வேலை செய்ய வைக்கும். ஈயின் உடம்பில் யூஏஎஸ் கிடையாது, அதனால் கேல்4 அங்கே இருந்தாலும் பெரிதாக எதையும் கிளறாது. 1993-ல் ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமானும் இதை ஈக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு வகை ஈயில் கேல்4, குறிப்பிட்ட சில செல்களில் மட்டும். இன்னொரு வகை ஈயில் யூஏஎஸ்ஸும் அதை ஒட்டி நமக்கு வேண்டிய ஏதோ ஒரு மரபணுவும். தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்தால், பிறக்கும் பிள்ளைகளில் நாம் தேர்ந்தெடுத்த செல்களில் மட்டும் அந்த மரபணு இயங்கும். இதில் நிஜமான அழகு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். 'எந்த செல்' என்பது அம்மா பக்கம், 'என்ன செய்யணும்' என்பது அப்பா பக்கம். இன்று இப்படிப்பட்ட ஈ வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆய்வகங்கள் அவற்றைச் சின்னக் குப்பிகளில் போட்டு ஒன்றுக்கொன்று தபாலில் அனுப்பிக்கொள்கின்றன.

பாசி விஷயம் இது. குளத்து நீரில் வாழும் கிளமிடோமோனஸ் என்ற ஒரு செல் பாசிக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும். அதற்கு உதவும் புரதத்தின் பெயர் சேனல்ரோடாப்சின். செல்லின் சவ்வில் ஒரு கதவு மாதிரி உட்கார்ந்திருக்கும். நீல வெளிச்சம் பட்டால் திறக்கும், நேர்மின் அயனிகள் உள்ளே பாயும். நரம்பு செல்லுக்கு அது போதும், அது தூண்டப்பட்டுவிடும். 2005-ல் எட்வர்ட் பாய்டன், கார்ல் டைசராத் குழு இதை எலியின் நரம்பு செல்லில் வைத்துக் காட்டியது.

அதே வருஷம், பாசிப் புரதம் இல்லாமல் வேறு வழியில், யேல் பல்கலைக்கழகத்தில் சூசானா லிமாவும் கெரோ மீஸென்பாக்கும் இதை ஈயில் செய்துவிட்டார்கள். ஏடிபி பட்டால் திறக்கும் ஒரு எலிப் புரதத்தை ஈயின் ராட்சத நரம்பிழைகளில் வைத்தார்கள். ஆபத்து வந்தால் ஈயைத் துள்ளிப் பறக்க வைக்கும் இழைகள் இவை. அப்புறம் ரசாயனப் பூட்டுப் போட்ட ஏடிபியை ஈக்குள் ஊசியால் செலுத்தினார்கள். லேசர் ஒளி பட்டால் பூட்டு உடையும், ஏடிபி வெளியே வரும், கதவு திறக்கும். லேசர் அடித்தார்கள். ஈ துள்ளியது, சிறகடித்தது, பறந்தது.

இப்போ அக்கா பையன் கேள்வி. லேசரைப் பார்த்துப் பயந்திருக்கலாமே?

லிமாவும் மீஸென்பாக்கும் அதையே கேட்டுக்கொண்டார்கள். ஈயில் ஒரு மரபணு பழுதானால், கண் இருக்கும், ஆனால் விழுகிற ஒளி நரம்புச் செய்தியாக மாறவே மாறாது. சுத்தமான குருட்டு ஈ. அந்த ஈக்களிலும் இதே ஏற்பாட்டைச் செய்து லேசர் அடித்தார்கள். கொஞ்சமும் குறையாமல் அதேபோல் துள்ளின. பார்த்துப் பயந்ததால் அல்ல என்பது அங்கே முடிவானது. என்னைக் கேட்டால் அந்தக் கட்டுரையின் உயிரே இந்தக் குருட்டு ஈதான். பத்திரிகைகளுக்கு 'ரிமோட் கண்ட்ரோல் ஈ' என்ற தலைப்பு ருசியாக இருந்தது, குருட்டு ஈயை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு பாசிப் புரதம் ஈக்கும் வந்தபோது இன்னொரு நல்ல வழி கிடைத்தது. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. சேனல்ரோடாப்சின் வேலை செய்ய ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு வேண்டும், விட்டமின் ஏ-வின் உறவுக்காரன். ஈயின் மூளையில் அது போதுமான அளவு இல்லை. அதனால் ஈ சாப்பிடும் கூழில் ரெட்டினாலைக் கலந்து கொடுப்பார்கள். வெளிச்சத்தில் அது கெட்டுப்போகும் என்பதால் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைப்பார்கள். இது கூடுதல் தொல்லை மாதிரித் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்க: ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த, மரபணுவில் வித்தியாசமில்லாத ஈக்கள். பாதிக்கு ரெட்டினால் கலந்த சாப்பாடு, பாதிக்குச் சாதாரண சாப்பாடு. இரண்டுக்கும் அதே விளக்கு. சாதாரண சாப்பாடு சாப்பிட்ட ஈக்களும் பறந்தால் அக்கா பையன் சொன்னது சரி. அவை சும்மா இருந்து மற்றவை மட்டும் பறந்தால், பறக்க வைத்தது அந்த செல். சமையலறையிலேயே கட்டுப்பாட்டுச் சோதனை முடிந்துவிடுகிறது.

மூன்றாவது வழி 2014-ல் வந்தது. கிரிம்சன் என்று பெயர், இதுவும் ஒரு பாசியிலிருந்து எடுத்ததுதான், ஆனால் சிவப்பு வெளிச்சத்துக்குத் திறக்கும். ஈக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, தவிர சிவப்பு ஒளி ஈயின் தோலை எளிதாக ஊடுருவும். சுதந்திரமாக நடமாடும் ஈயின் மேல் விளக்கைப் போட்டால் போதும். இருந்தாலும் 'சரியாகத் தெரியாது' என்பது 'தெரியவே தெரியாது' ஆகாது. விளக்கு பிரகாசமாக இருந்தால் ஈக்கு ஏதோ தெரியத்தான் செய்கிறது. சிவப்பு விளக்குதானே என்று ஒப்பீட்டு ஈக்களை விட்டுவிடும் கட்டுரையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இவ்வளவு மெனக்கெட்டு என்ன கிடைத்தது? ஒரே ஒரு உதாரணம் விரிவாகச் சொல்றேன். ஆண் ஈ பெண்ணைக் கவர ஒரு சிறகை நீட்டி அதிர வைத்துப் 'பாடும்'. பெண் ஈ இப்படிப் பாடாது. ஆயுசு முழுக்க உட்கார்ந்து கவனித்தாலும், பெண்ணுக்குப் பாடத் தெரியாது என்றுதான் எழுதி வைப்போம். 2008-ல் டில்லன் கிளைனும் மீஸென்பாக்கும், ஆணில் காதல் நடத்தைக்குப் பொறுப்பான நரம்புகளுக்கு ஈடாகப் பெண் ஈயின் நெஞ்சுப் பகுதியில் இருக்கும் நரம்புகளை ஒளியால் தூண்டினார்கள். பெண் ஈ பாடியது. சுருதி கொஞ்சம் பிசகிய பாட்டுதான், ஆனால் பாட்டு. பாட்டுக்கான சுற்று பெண்ணின் உடம்பிலும் இருக்கிறது, அதை இயக்கும் கட்டளை மட்டும் வருவதில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்து இதை எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடுத்த வருஷம் இதே குழு, ஒரு வாசனை வரும்போதெல்லாம் 12 டோபமைன் செல்கள் கொண்ட ஒரு கொத்தை ஒளியால் தூண்டி, ஈ பிறகு அந்த வாசனையைத் தவிர்க்கும்படி செய்தது. நிஜத்தில் எந்தக் கெட்டதும் நடக்கவில்லை. நடக்காத தண்டனையின் நினைவு.

இதெல்லாம் சொன்னதும் பையன் கட்சி மாறிவிட்டான். "அப்போ அந்த செல்தான் பறக்குறதுக்குக் காரணம், ஓகே" என்றான். இங்கேதான் நான் மறுபடி குறுக்கே விழ வேண்டியிருந்தது. ஒரு செல்லைத் தூண்டினால் ஈ பறக்கிறது என்றால், பறக்க வைக்க அது *போதும்* என்று அர்த்தம். பறக்க அது *வேண்டும்* என்று அர்த்தமில்லை. ராட்சத நரம்பிழையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் அதை அடக்கிவிட்டு, ஈயை நோக்கி ஏதோ பெரிதாகி வருவது போன்ற காட்சியைக் காட்டினார்கள். ஈக்கள் அப்போதும் தப்பித்துப் பறந்தன. ஆனால் வேறு மாதிரி: முதலில் சிறகை விரித்து, நிதானமாக, ஒழுங்காகக் கிளம்பின. சிறகை விரிக்கக்கூட நேரமில்லாமல் துள்ளும் அவசரப் பாய்ச்சலுக்குத்தான் இந்த இழை. பறப்பதற்கு வேறு பாதைகளும் இருக்கின்றன.

இரண்டு பக்கமும் ஒத்துப்போன நல்ல உதாரணம் 'மூன்வாக்கர்' செல்கள். மைக்கேல் ஜாக்சன் ஆடியதுதான், அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். வியன்னாவில் பாரி டிக்சன் குழு 2014-ல் வெளியிட்டது. தூண்டினால் ஈ பின்பக்கமாக நடக்கும். அங்கே முதலில் பயன்படுத்தியது ஒளி இல்லை, சூடு பட்டால் திறக்கும் புரதம். பிறகு வந்தவர்கள் ஒளியாலும் செய்து பார்த்தார்கள். அதே செல்களை அடக்கிவிட்டு, ஈயை முட்டுச்சந்து மாதிரி முடியும் குறுகிய பாதையில் விட்டார்கள். சாதாரண ஈ முட்டியதும் பின்வாங்கும். இந்த ஈக்களால் சரியாகப் பின்வாங்க முடியவில்லை. போதும் என்பதும் வேண்டும் என்பதும் சேர்ந்து வருவது இப்படித்தான்.

2024-ல் பெண் ஈ ஒன்றின் முழு மூளையின் வரைபடம் வெளியானது: 1,39,255 நரம்பு செல்கள், அவற்றுக்கிடையே 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். எந்த வயர் எங்கே போகிறது என்பது இப்போது தெரியும். ஆனால் வரைபடத்தில் எதுவும் நகராது. ஒவ்வொரு செல்லாகத் தூண்டி, அடக்கி, ரெட்டினால் போட்டும் போடாமலும் பார்க்கிற வேலை அப்படியே பாக்கி இருக்கிறது.

கிளம்பும்போது பையன் வாசல் வரை வந்தான். "மாமா, பின்னாடி நடக்குற ஈ இருக்குல்ல, அதுக்குத் தான் ஏன் பின்னாடி போறோம்னு தெரியுமா?" என்றான். இதைச் சோதிக்க என்ன ஒப்பீட்டு ஈ வைப்பது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.