விருந்தினர் வருமானம் ஊடுபயிர் போன்றது

நகரத்து மக்கள் விடுமுறை நாட்களில் கிராமத்துக்கு வந்து, தோப்பிலும் வயலிலும் ஒன்றிரண்டு நாட்கள் கழித்துச் செல்லும் பழக்கம் பெருகி வருகிறது. தோட்டத்தில் இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வரும் என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில், வீட்டோடு விருந்தினரைத் தங்க வைப்போருக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் கடன் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தொழிலில் இறங்கக் கூடாது. புதிய பயிரைச் சாகுபடி செய்யுமுன் அதன் வயது, பருவம், நோய், சந்தை ஆகியவற்றை விசாரித்து அறிவது விவசாயிகளின் வழக்கம். சுற்றுலாத் தொழிலையும் அதே முறையில் விசாரித்து அறிவது நலம்.

வருகிறவர்கள் இரண்டு வகை

தாம் வழக்கமாக வாழும் இடத்தை விட்டு ஓராண்டுக்கும் குறைந்த காலத்துக்கு வேறு இடம் சென்று, அங்கே கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலை பார்க்காமல் திரும்புகிறவரைச் சுற்றுலாத் துறையில் வருகையாளர் என்கிறார்கள். இவர்களில் ஓர் இரவாவது தங்குகிறவர் சுற்றுலாப் பயணி. காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர் பகல் வருகையாளர்.

இந்த வேறுபாடு சிறு விவசாயிக்கு மிக முக்கியமானது. இரவு தங்குகிறவருக்கு அறை, படுக்கை, குளியலறை, இரவுக் காவல் எல்லாம் தேவை. பகல் வருகையாளருக்கு நல்ல நிழல், சுத்தமான குடிநீர், கழிப்பறை, வயிறார உணவு ஆகியவை போதும். முதல் வகைக்கு முதலீடு அதிகம். இரண்டாம் வகைக்கு மிகக் குறைவு.

எந்தச் சுற்றுலாவுக்கும் நான்கு அங்கங்கள் உண்டு. பார்க்க ஏதேனும் இருக்க வேண்டும். வந்து சேர வழி இருக்க வேண்டும். உண்ண உணவு வேண்டும். இரவு தங்குவோருக்கு இடம் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் பயன்படாது. மழைக்காலத்தில் வண்டி வர முடியாத பாதையின் கடைசியில் எவ்வளவு அழகான தோப்பு இருந்தாலும் அந்த மாதங்களில் வருமானம் இராது.

தக்காளியைவிட விரைவில் கெடும் சரக்கு

விளைபொருளுக்கும் இத்தொழிலின் சரக்குக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து விலை பேசலாம். தங்குவதையும் உபசரிப்பையும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. சொல்லை நம்பித்தான் வருகிறார்கள். அதனால் இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்வது, விதை நெல்லில் பதரைக் கலந்து விற்பதற்குச் சமம். மறுமுறை அவர் வரமாட்டார். நாலு பேரிடம் சொல்லியும் விடுவார்.

இரண்டாவதாக, இச்சரக்கைச் சேமித்து வைக்க இயலாது. விலை குறைந்தால் நெல்லைக் களஞ்சியத்தில் வைக்கலாம். மஞ்சளைக் கிடங்கில் வைக்கலாம். தக்காளிகூட இரண்டு மூன்று நாள் தாங்கும். ஆனால் திங்கட்கிழமை இரவு காலியாகக் கிடந்த அறையைச் செவ்வாய்க்கிழமை விற்க முடியாது. அந்த இரவின் வருமானம் போனது போனதுதான். ஆனால் அறை கட்டிய கடனுக்கு வட்டி மட்டும் காலியான இரவுக்கும் ஏறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதாக, இதற்கும் பருவம் உண்டு. கோடை விடுமுறை, பொங்கல், தீபாவளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் கூட்டம் வரும். மற்ற நாட்களில் அறை காலியாக இருக்கும். இத்தொழிலில் இலாப நஷ்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, ஆண்டில் எத்தனை இரவுகள் அறை நிரம்பியது என்ற கணக்கே ஆகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தல்

உதாரணமாக இரண்டு அறைகளை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 365 இரவுகள் வீதம் இரண்டு அறைகளுக்கு 730 இரவுகள். வார விடுமுறையிலும் பண்டிகையிலும் சேர்த்து ஓர் அறைக்கு 80 இரவுகள் ஆள் வந்தால், மொத்தம் 160 இரவுகள். அதாவது நூற்றுக்கு 22 இரவுகளே நிரம்புகின்றன.

உணவு உட்பட ஓர் இரவுக்கு ரூ. 1,500 வாங்குவதாகவும், மளிகை, சலவை, துப்புரவு ஆகியவற்றுக்கு ரூ. 700 ஆவதாகவும் கொண்டால், மிச்சம் ரூ. 800. ஆண்டுக்கு 160 இரவுகளுக்கு ரூ. 1,28,000 நிற்கும்.

இந்த இரண்டு அறைகளையும் ரூ. 10 லட்சம் கடனில் புதிதாகக் கட்டியிருந்தால், நூற்றுக்கு 12 வட்டி வீதத்தில் முதல் ஆண்டு வட்டியே ரூ. 1,20,000 ஆகிவிடும். மீதம் ரூ. 8,000. அசலுக்கு வழியில்லை. பழைய ஓட்டு வீட்டையே ரூ. 2 லட்சம் செலவில் செப்பனிட்டுப் பயன்படுத்தினால் வட்டி ரூ. 24,000 மட்டுமே. மீதம் ரூ. 1,04,000 நிற்கும்.

எதிர்பார்த்ததில் பாதிப் பேரே வந்தால் என்ன ஆகும்? வரவு ரூ. 64,000 ஆகக் குறையும். புதுக் கட்டடம் கட்டியவருக்கு வட்டி கட்டவே ரூ. 56,000 துண்டு விழும். வீட்டைச் செப்பனிட்டவருக்கு அப்போதும் ரூ. 40,000 மிஞ்சும். வாடகையும் செலவும் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

இக்கணக்கில் பெரும்பாலோர் சேர்க்க மறப்பது வீட்டுப் பெண்களின் உழைப்பு. விருந்தினருக்குச் சமைப்பதும், பாத்திரம் துலக்குவதும், படுக்கை விரிப்பதும் அவர்கள் தலையில்தான் விழும். அதற்கும் நாட்கூலி போட்டுக் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான இலாபம்.

இத்தாலி நாட்டின் அனுபவம்

பண்ணையில் விருந்தினரைத் தங்க வைக்கும் தொழிலில் நீண்ட அனுபவமுள்ள நாடு இத்தாலி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலைக் கிராமங்களிலிருந்து விவசாயக் குடும்பங்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குச் சென்றன. நிலம் தரிசாகிக் கல் வீடுகள் பாழடைந்தன. எஞ்சிய விவசாயிகள் இத்தகைய வீடுகளைச் செப்பனிட்டு நகரத்தாரைத் தங்க வைக்கத் தொடங்கினர். 1965-ல் இதற்கென ஒரு தேசியச் சங்கம் அமைந்தது. 1985 டிசம்பரில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2006-ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது.

இச்சட்டங்களின் அடிப்படை எளிமையானது. விருந்தினரை ஏற்பவர் விவசாயியாக இருக்க வேண்டும். விவசாயமே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும். விருந்தினர் வருமானம் அதற்குத் துணையாக இருக்க வேண்டும். பண்ணையில் ஏற்கெனவே உள்ள கட்டடங்களைப் பயன்படுத்த வேண்டும். பரிமாறும் உணவில் சொந்த விளைபொருளும் சுற்று வட்டார விளைபொருளும் இடம்பெற வேண்டும்.

இதில் விவசாயிக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது உலகெங்கும் வெளிநாட்டுப் பயணிகளின் வருகை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. சுற்றுலாவை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு வரவு நின்றது. நிலத்தில் பயிரும் தொழுவத்தில் மாடும் உள்ளவருக்கு அடுப்பு எரியும். தென்னையில் ஊடுபயிர் பொய்த்தாலும் தென்னை நிற்கிறது. தென்னையை வெட்டிவிட்டு ஊடுபயிர் போடுவார் இல்லை.

மகாராஷ்டிரத்தில் இளஞ்சோள விருந்து

நம் நாட்டில் இத்துறையில் முன்னோடி மகாராஷ்டிரம். 2005-ல் புனே மாவட்டம் பாராமதியை அடுத்த பல்ஷிவாடியில் பாண்டுரங் தாவரே என்பவர் பண்ணைச் சுற்றுலாவைத் தொடங்கி, பிற விவசாயிகளுக்கும் பயிற்சி அளித்தார். 2020-ல் அம்மாநில அரசு பண்ணைச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை ஏற்றது.

அங்கு குளிர்காலத்தில் நடக்கும் ஹுர்டா விருந்து சிறு விவசாயிகள் கவனிக்கத் தக்கது. பால் பிடித்து இளசாக இருக்கும் சோளக் கதிர்களை வரட்டித் தணலில் வாட்டி, கையால் கசக்கி உதிர்த்து, பூண்டுச் சட்னி, வெல்லம், தயிருடன் உண்பார்கள். இதற்காகவே நகரத்துக் குடும்பங்கள் வயலுக்கு வருகின்றன. பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். அறை தேவையில்லை. முற்றிய தானியமாக விற்றால் கிடைப்பதைவிட, அதே கதிரை விருந்தாக்கும்போது கூடுதல் விலை கிடைக்கிறது.

நம் பகுதிகளிலும் இதற்கு இடம் உண்டு. நிலக்கடலை பிடுங்கும் நாள், கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் நாள், பனங்கிழங்கு பிடுங்கும் பருவம், மாம்பழக் காலம் ஆகியவை நகரத்துக் குழந்தைகளுக்குப் புதுமையானவை. நமக்கு அன்றாட வேலையாக இருப்பது அவர்களுக்குக் காட்சியாக இருக்கிறது.

பணம் கசியக் கூடாது

வாய்க்காலில் விட்ட தண்ணீர் முழுவதும் வயலைச் சேருவதில்லை, வழியில் கசிகிறது. சுற்றுலாப் பணமும் அப்படியே. அரிசி, எண்ணெய், காய்கறி, பால் அனைத்தையும் டவுனில் வாங்கிப் பரிமாறினால் விருந்தினர் தந்த பணம் ஊரை விட்டு வெளியேறிவிடும். ஆள் பிடித்துத் தரும் தரகருக்கும் கமிஷன் போகும். சொந்த அரிசி, சொந்த மோர், அடுத்த வீட்டுக் கீரை, உள்ளூர் வண்டி என்று செலவு செய்தால் அதே பணம் ஊருக்குள் இரண்டு மூன்று கை மாறும். ஊராருக்கும் பயன் கிடைத்தால்தான் அவர்களுடைய ஒத்துழைப்பும் கிடைக்கும்.

தாங்கும் அளவு

ஐந்து மாடு மேயும் புல்லில் இருபது மாடுகளை விட்டால் புல்லும் அழியும், மாடும் மெலியும். சுற்றுலா இடங்களுக்கும் இத்தகைய தாங்கும் அளவு உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்கள் அளவுக்கு மீறிச் சென்றதால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கே வரம்பு விதிக்கப்பட்டது. ஒரு தோட்டத்துக்கும் இதே நியாயம்தான். கிணற்றில் உள்ள நீர், கழிவு நீர் போகும் இடம், வீட்டில் உள்ள ஆட்கள் ஆகிய மூன்றும் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேரை மட்டுமே ஏற்க வேண்டும். விருந்தினர் குளிக்கப் பயிரைக் காய விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. முதல் ஆண்டு பகல் விருந்து மட்டும் நடத்திப் பார்க்கவும். வருகிறவர்களில் எத்தனை பேர் இரவு தங்க விரும்புகிறார்கள் என்று எழுதி வைக்கவும். அதன் பிறகே அறையைப் பற்றி யோசிக்கலாம்.

2. முதற்செலவு கழிப்பறைக்கும் குடிநீருக்கும் ஆகட்டும். அலங்காரம் பிறகு.

3. திறந்த கிணற்றுக்குச் சுவரும் மூடியும் அமைக்கவும். மோட்டார் அறையைப் பூட்டி வைக்கவும். பூச்சி மருந்துகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டவும். மருந்து தெளித்த வயலுக்குள் விருந்தினரை விடக் கூடாது.

4. ஊராட்சியின் அனுமதி, மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தின் விதிகள் ஆகியவற்றை முன்கூட்டியே விசாரிக்கவும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை பதிவு செய்யலாம். உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

5. உணவு விற்பதற்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு தேவை.

6. தங்குவோர் பெயர், முகவரி, அடையாளச் சான்று ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவும். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும்.

7. கட்டணத்தையும் அதில் அடங்கியவற்றையும் முன்னதாகவே சொல்லி, ஒரு பகுதியை முன்பணமாகப் பெறவும். சமைத்து வைத்த பிறகு ஆள் வராவிட்டால் நஷ்டம் விவசாயிக்கே.

8. நடவு, அறுவடை போன்ற நெருக்கடி நாட்களில் வீட்டில் ஆள் போதாவிட்டால் விருந்தினரை ஏற்க வேண்டாம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். விருந்தினர் வருவார்கள், போவார்கள், நிலம் இருக்கும். நிலத்தை அடமானம் வைக்காமல், இருக்கும் வீட்டையும் இருக்கும் விளைச்சலையும் கொண்டு சிறிய அளவில் தொடங்குகிறவருக்கு இத்தொழில் நல்ல ஊடுபயிராக அமையும்.