பன்றிப் பண்ணையில் காசநோய்: கிருமியின் பூர்வீகம் காணல்

காசநோய் மனிதரை மட்டும் வாட்டும் நோயன்று. மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்னும் நுண்ணுயிர் மாட்டினத்தைப் பீடித்து, அங்கிருந்து பன்றி, காட்டு விலங்குகள், மனிதர் எனப் பரவுகிறது. ஒரு பண்ணையில் நோய் தோன்றியதும் முதலில் எழும் வினா, அது எங்கிருந்து வந்தது என்பதே. விடை தவறினால் நோயற்ற கால்நடைகள் அழிக்கப்படும். உழவர் வாழ்வு இழப்பர். இழப்பீட்டுக்கென ஒதுக்கிய பொதுப்பணமும் வீணாகும்.

நோயின் வழி

பன்றிக்கு இந்நோய் பெரும்பாலும் வாய்வழியே வருகிறது. நோயுற்ற பசுவின் காய்ச்சாத பால், பாலாடைக்கட்டித் தொழிலில் எஞ்சும் நீர், இறந்த விலங்கின் உடல் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. ஆகவே தலை, கழுத்துப் பகுதிகளிலுள்ள நிணநீர்க் கணுக்களிலேயே முதலில் கட்டிகள் தோன்றும். இறைச்சிக்கூடத்தில் ஆய்வாளர் இவற்றைக் காண்கிறார். ஆனால் பறவைக் காசநோய்க் கிருமியும் வேறு சில நுண்ணுயிர்களும் இதே போன்ற கட்டிகளை உண்டாக்கும். எனவே கண்ணால் காண்பது போதாது. ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்து இனம் காண வேண்டும்.

மரபு அடையாளம்

இனம் கண்டபின் வகை காண வேண்டும். இதற்கு 1997-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஸ்பாலிகோடைப்பிங் முறை பெரிதும் பயன்பட்டது. கிருமியின் மரபுப்பொருளில் ஓரிடத்தில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். அவற்றின் இடையேயுள்ள 43 இடைத்துண்டுகளில் எவை உள்ளன, எவை இல்லை என்று இம்முறை கணக்கெடுக்கிறது. இழந்த துண்டு மீண்டும் வருவதில்லை. ஆதலால் அந்த வரிசை, வழிவழியாக வரும் குடும்ப அடையாளம் போன்றது.

அர்ஜென்டினா நாட்டின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. அங்கே பன்றிகளில் கண்ட கிருமிகளுள் மிகுதியானது எஸ்.பி.0140 என்னும் வகை. அந்நாட்டு மாடுகளிலும் அதுவே முதன்மையானது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அது பரவலாக உள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இன மாடுகள் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை நினைவிற்கொண்டால் இவ்வொற்றுமை புரியும். கால்நடை வணிகத்தின் வரலாறு கிருமியின் உடலில் பதிந்திருக்கிறது.

முறையின் எல்லை

எனினும் பரவலான ஒரு வகை இரு பண்ணைகளில் காணப்படுவதால் மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நோய் சென்றது எனக் கூற இயலாது. இக்குறையைப் போக்க முழு மரபுத்தொகுதியும் படிக்கப்படுகிறது. 2003-இல் வெளியான போவிஸ் கிருமியின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 43 இலட்சம் எழுத்துகளைக் கொண்டது. அதில் மாற்றம் மிக மெதுவாகவே நிகழ்வதால், நெருங்கிய உறவும் தூரத்து உறவும் பிரித்தறியப்படுகின்றன. அப்போதும் யார் யாருக்குத் தந்தார் என்பதை அறியக் கால்நடைகளின் இடமாற்றப் பதிவேடு இன்றியமையாதது.

பொதுவாக, மாடுகளில் நோயைக் கட்டுப்படுத்தினால் பன்றிகளிலும் அது குறையும். ஆனால் சிசிலித் தீவில், திறந்தவெளியில் மேயும் நெப்ரோடி கருப்புப் பன்றிகளிடையே நோய் தானே நிலைத்திருக்கக்கூடும் என ஆய்வுகள் காட்டின. அத்தகைய இடத்தில் மாடுகளை மட்டும் சோதிப்பது அரைகுறை வேலையாகும்.

நமக்குரிய பாடம்

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சுமார் 90 இலட்சம் பன்றிகள் உள்ளன; மாநிலங்களுள் அசாம் முதலிடம் வகிக்கிறது. சிறு உழவர் குடும்பங்களுக்கு இவை அவசரத் தேவைக்கு உதவும் சேமிப்பு. வேலூரில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, காசநோயாளிகள் சிலரிடம் போவிஸுக்கு மாறாக ஆரிஜிஸ் என்னும் உறவினக் கிருமியைக் கண்டது. பிற நாடுகளின் அனுபவத்தை அப்படியே ஏற்க இயலாது என்பதை இது உணர்த்துகிறது. இறைச்சிக்கூட ஆய்வு, ஆய்வுக்கூடம், இடமாற்றப் பதிவேடு ஆகிய மூன்றும் இணைந்தால்தான் செலவிடும் பணம் நோயின் வேரைச் சென்றடையும்.