தானியங்கிக் கியரிலிருந்து கைக் கியருக்கு

காரில் கியர் மாற்றுவது எளிது. கியர்ப் பெட்டியையே மாற்றுவது எளிதா? விடுமுறையில் மாமாவின் பட்டறையில் வேலை பழகியபோது எனக்கு எழுந்த கேள்வி இது.

அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். அதன் 'சி-4' தானியங்கிப் பெட்டிக்கு மூன்று வேகங்கள். எஞ்சினின் ஆற்றலைப் பெட்டிக்குக் கடத்துவது சுழலும் எண்ணெய். கைக் கியருக்கோ உராய்வால் பற்றும் கிளச் வேண்டும். ஆகவே மெல்லிய எஃகுத் தகட்டைக் கழற்றிவிட்டுக் கனமான ஃப்ளைவீலைப் பூட்ட வேண்டும். கிளச் பெடலும் சேர்க்க வேண்டும்.

இதில் பலர் மறப்பது ஒரு சிறு சுவிட்ச். தானியங்கி வண்டி 'பார்க்', 'நியூட்ரல்' நிலைகளில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி காப்பது அதுவே. பெட்டியோடு அந்தக் காவலும் போய்விடும். வயர்களை வெறுமனே முறுக்கி இணைத்தால், கியரில் நிற்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் பாயும். எங்கள் பட்டறையில் கியரில் நின்ற ஒரு கார் அப்படிப் பாய்ந்தது. முன்னால் குனிந்திருந்த பையன் மயிரிழையில் தப்பினான். கிளச்சை மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட்டர் இயங்குமாறு புதுச் சுவிட்ச் வைப்பதே தக்கது.

நண்பர்களே, பழையதை மாற்றுவோம். மாற்றுமுன் அது எதைக் காத்து நின்றதெனக் கேட்போம்!