காபன் இழையும் உலோகப் பூச்சும்

பென்சிலின் கருமுனையை அறியாத மாணவர் இலர். அம்முனைக்குக் கருமை தரும் காரீயம் நம் நாட்டிலே கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தில் அகழ்ந்தெடுக்கப்படுகின்றது. அடுப்புக்கரியிற் பெரும்பாகமும் காரீயமும் காபன் என்னும் ஒரே மூலகமாம். கரியில் அணுத்தளங்கள் கட்டவிழ்ந்த ஏடுகள்போலக் கலைந்து கிடக்கின்றன. காரீயத்திலோ கோத்த சுவடிபோல அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. கலைந்ததை அடுக்குதலே காரீயமாக்கல் எனப்படும்.

விமான உறுப்புக்களில் இன்று பயன்படும் காபன் இழை பெரும்பாலும் பொலியக்கிரைலோநைத்திரைல் என்னும் செயற்கை நாரிலிருந்து பெறப்படுவது. அந்நாரை முதலில் வளியிற் பதப்படுத்திப் பின்னர் ஒட்சிசனில்லாச் சூழலில் 1000 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமேற்றுவர். இவ்வாறு கிடைக்கும் இழையின் தடிப்பு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏழு பங்கு அளவினது. இழையை மேலும் விறைப்பாக்கி நன்கு காரீயமாக்க 2000 முதல் 3000 பாகை வரை வெப்பம் வேண்டும். அத்தகைய உலையை அமைத்தலும் பேணுதலும் பெருஞ்செலவாகும்.

இவ்விடத்தே துணைக்கு வருவது உலோகம். இழைமீது நிக்கல், இரும்பு, கோபாற்று ஆகியவற்றுள் ஒன்றை மெல்லியதாகப் பூசினால், 1000 பாகையை அடுத்த வெப்பநிலையிலேயே காரீயம் தோன்றத் தொடங்குகின்றது. சீனிப்பாகிலிருந்து கற்கண்டு படிதலை நாம் கண்டிருக்கின்றோம். அதனையொப்பவே கலைந்த காபன் சூடான உலோகத்தினுட் கரைந்து, ஒழுங்கான காரீயமாக வெளிப்படுகின்றது. கலைந்த காபனைக் காட்டிலும் காரீயம் குறைந்த சத்தியுடையது. ஆதலின் அது கரைவதும் குறைவே. கலைந்த காபனால் நிறைந்த உலோகம் தாங்கவொண்ணா மிகுதியைக் காரீயமாக உதிர்த்துவிடுகின்றது.

எனினும், இத்துணைவனே பகைவனாதலும் உண்டு. 1968 இல் ஜாக்சன், மார்ஜோரம் என்னும் ஆய்வாளர், நிக்கல் பூசிய காபன் இழைகள் வெப்பத்தால் மீளப் பளிங்காதலை எடுத்துக்காட்டினர். இழையின் வலிமை, அணுத்தளங்கள் அதன் நீளப்போக்கில் நிரையாய் நிற்பதைப் பொறுத்தது. உலோகத்தினின்று புதிதாய்ப் படியும் காரீயமோ அப்போக்கைப் பேணுவதில்லை. உலோகம் அரித்த இடமும் குழியாகி இழையை நலிவுறச் செய்கின்றது.

ஆகவே, காரீயம் மிகுந்தால் இழையும் சிறக்கும் எனக் கொள்ளுதல் பிழை. மின்கடத்தல் வேண்டுமிடத்து இம்முறை பெரிதும் பயன்படும். பாரந்தாங்கும் இழைக்கோ பூச்சின் தடிப்பு, வெப்பநிலை, சூடாக்கும் நேரம் ஆகிய மூன்றும் அளவறிந்து அமைதல் வேண்டும். பெரிய உலையின் செலவை மிச்சம்பிடிக்கப் போய் இழையின் வலிமையை இழத்தல் இலாபமாகாது. வேதியியல் பயிலும் எம் இளைஞர், ஓர் ஊக்கி எத்தனை விரைவாகச் செய்கின்றது என்பதோடமையாது, எதனைச் செய்து முடிக்கின்றது என்பதையும் ஆராய்வாராக.