கிராம வாக்காளரின் நான்கு வாக்குகள்

கிராமத்தில் வாழும் வாக்காளருக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றல்ல, நான்கு வாக்குகள் உண்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஆகிய நால்வரையும் அவரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் இவற்றுக்கு முறையே வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறச் சீட்டுகள் பொதுவாக வழங்கப்பட்டன.

ஊரில் பேச்செல்லாம் தலைவர் சீட்டைப் பற்றியே. வார்டு உறுப்பினரை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும் அந்த உறுப்பினர்கள் கூடித்தான் தம்முள் ஒருவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத்தலைவரின் ஒப்பமும் வேண்டும். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் உரிய பணப்பெட்டிக்கு இவ்வாறு பூட்டு இரண்டு; இரண்டாம் சாவி எவரிடம் செல்லும் என்பது வார்டு சீட்டைப் பொறுத்தது.

சில ஊர்களில் தேர்தலுக்கு முன்பே தலைவர் பதவியை ஏலம் விடும் வழக்கம் இருந்து வருகிறது. கோயில் திருப்பணிக்கு மிகுந்த தொகை தருபவர் மட்டும் மனுச் செய்வார், ஏனையோர் ஒதுங்கிக்கொள்வர். "ஊரில் சண்டையில்லை, கோயிலுக்கும் வருமானம்" என்று பெரியவர்கள் நியாயம் கூறுவதுண்டு. மனமொத்து ஒருவரை நிறுத்துவது வேறு, விலைக்கு விற்பது வேறு. கொடுத்த விலையை அவர் எங்கிருந்து மீட்பார்? சாலைக்கும் குளக்கரைக்கும் வந்த பணத்திலிருந்துதான் என்பது வரவு செலவு அறிந்த எந்த விவசாயிக்கும் விளங்கும். அந்த ஏலத்திற்குப் பெண்களையும் ஆதிதிராவிட மக்களையும் பெரும்பாலும் எவரும் அழைப்பதில்லை.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காமல், 1996 முதல் பத்தாண்டுகள் நிலையான தலைவர் இன்றியே காலம் கழிந்தது. 2006இல்தான் அங்கே தேர்தல் முறையாக நடந்தேறியது.

உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம், பேசலாம். ஆனால் அங்கே நிலமும் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயது வரையுள்ளோர் பெயர்களே குடத்துள் இடப்பட்டன. இன்று 18 வயது நிறைந்த கூலியாளும் பண்ணையாரும் இடும் வாக்குக்கு எடை ஒன்றே. குலுக்கலும் முற்றிலும் மறைந்துவிடவில்லை: இருவர் சம வாக்குப் பெற்றால் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்யப்படுகிறது. நூறு இருநூறு வாக்குகளே உள்ள வார்டில் அத்தகைய நிலை வருவது அரிதன்று. வீட்டிலிருந்துவிட்ட ஒருவர் வந்திருந்தால் குலுக்கலுக்கே இடமிராது.

தேர்தல் அறிவிக்கப்படும்வரை காத்திராமல், ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தத்தம் வார்டின் வாக்காளர் பட்டியலை இப்போதே பார்த்து, மணமாகி வந்த பெண்கள், 18 வயது நிறைந்த பிள்ளைகள் ஆகியோரின் பெயர் விடுபட்டிருப்பின் சேர்க்கச் செய்ய வேண்டும். சீட்டில் ஒரே சின்னத்தின்மீது மட்டும் முத்திரை குத்த வேண்டும் என்பதையும், இரு சின்னங்களில் குத்திய சீட்டும் கையொப்பமிட்ட சீட்டும் செல்லாது என்பதையும் முதியோருக்கு எடுத்துச் சொல்லுதல் நலம்.